பைசல் நைனா கொண்டுவந்த சீர்

1961-ஆம் வருஷம் ஜனவரி 12, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிஷம். மார்கழிப் பனி. நகரியிலிருந்து தெற்கே போகும் ரோட்டில் எங்கள் செக்போஸ்ட்டின் மூங்கில் கட்டைக்கு இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியவில்லை.

அந்த நிமிஷத்தில் இந்திய தேசம் முழுவதிலும், அரசாங்கம் உள்பட எவருக்கும் ஒரு நயா பைசாகூடப் பாக்கி வைக்காத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் அந்தக் கட்டைக்கு முன்னால் இரட்டை மாட்டு வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டயத் தூக்கு தம்பி. மாடு குளுர்ல நின்னுகினு கீது."

"ஃபாரம் எழுதணும் நைனா."

"ஃபாரம் எழுதறதுக்கு நான் இன்னா வியாபாரியா?"

அவரை வாசகர்களுக்கு ஒழுங்காக அறிமுகப்படுத்திவிடுகிறேன். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டு மாடுகூடத் திரும்பிப் பார்க்காது. வட்டாரம் முழுவதற்கும் அவர் பைசல் நைனா. எங்கள் பக்கத்தில் அப்பாவையும் நைனா என்போம், மதிக்கத்தக்க பெரியவர்களையும் நைனா என்போம். பைசல் என்றால் பாக்கியில்லாமல் தீர்ப்பது, அவர் வாயில் நாளைக்கு ஐம்பது தடவை வரும் வார்த்தை. "மொதல்ல அத்த பைசல் பண்ணு. அப்பறமா பேசு."

ஹோட்டலில் காபி வருவதற்கு முன்பே காசை மேஜைமேல் வைத்துவிடுவார். சவரம் செய்துகொள்ளும்போது பாதித் தலை முடிந்ததும் பாதிக் கூலியைக் கொடுத்துவிடுவார். "மீதித் தலைக்குள்ள உனுக்கோ எனுக்கோ ஏதாச்சும் ஆயிட்டா? கணக்கு நின்னுடக் கூடாது." யாராவது வெற்றிலை கொடுத்தால் மறுநாள் விடிவதற்குள் அதே அகல வெற்றிலை அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுத்த மாமனாருக்கு எதைக் கொடுத்து ஈடு கட்டுவது என்று கணக்குப் போட்டார், விடை வரவில்லை, விட்டுவிட்டார்.

திருப்பதிக்கு வருஷம் ஒரு தடவை போவார். உண்டியலில் போடுவார். எதுவும் வேண்டிக்கொள்ள மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பெருமாளே தங் கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்கு இன்னும் வட்டி கட்டிகினு கீறாரு. அவரண்ட போயி நான் வேற எத்தையாச்சும் கேட்டா நல்லாவா இருக்கும்?"

உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே ஒட்டு அவருடைய தங்கை. தாய் தகப்பன் போனபின் அவர் தூக்கி வளர்த்த பெண். மூன்று மைல் தெற்கே ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். பெயர் செங்கம்மா.

நான் அவரை முதலில் பார்த்தது சித்தூரில், ஒரு கஜானா ஆபீஸில். ஆந்திரா பிரிவதற்கு முந்தின வருஷம். நான் சலான் சரிபார்க்கும் குமாஸ்தா. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை வந்தது. கையில் ஒரு துணி மூட்டை.

"தேசத்தோட கடன்ல எம் பங்கு. எண்ணிக்கோ."

பட்ஜெட் செய்தியைப் பேப்பரில் படித்திருக்கிறார். நாட்டுக்கு இத்தனை கடன், ஜனத்தொகை இத்தனை. வகுத்துப் பார்த்திருக்கிறார். ஆளுக்கு ஒரு கிடேரிக் கன்றின் விலை வந்திருக்கிறது. இரண்டு கன்றுகளைச் சந்தையில் விற்றுவிட்டுப் பணத்தோடு வந்துவிட்டார்.

"ரெண்டு எதுக்கு?"

"எனுக்கு ஒண்ணு, எந் தங்கச்சிக்கு ஒண்ணு."

"உங்க மச்சானுக்கு?"

"அவங் கடன அவன் கட்டட்டும்."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத ஒரு சிக்கல் அதில் இருந்தது. கஜானாவில் ஒரு தம்பிடி உள்ளே வரவேண்டுமானால் அதற்குக் கணக்குத் தலைப்பு வேண்டும். நிலவரிக்கு ஒரு தலைப்பு, அபராதத்துக்கு ஒரு தலைப்பு, பிடிபட்ட மாட்டை ஏலம் விட்ட பணத்துக்கு ஒரு தலைப்பு. தேசத்தின் கடனைக் குடிமகன் தன் கைப்பணத்தில் தீர்ப்பதற்குத் தலைப்பு கிடையாது. வெள்ளைக்காரனுக்கும் தோன்றவில்லை, நம்மவர்களுக்கும் தோன்றவில்லை.

"வாங்க முடியாது நைனா. தலைப்பு இல்ல."

"வாங்கறதுக்கு சர்க்காருக்கு வழி தெரியாதா? நேத்து சந்தையில கன்னுக்குட்டிக்கு வரின்னு வாங்கினானே, அவனுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

பதினொரு தடவை வந்தார். பன்னிரண்டாம் தடவை எங்கள் ஆபீஸரே சலித்துப்போய், "இதர வரவில் போட்டுத் தொலை" என்றார். போட்டேன். நைனா ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருடைய நடையே மாறிவிட்டது. விளக்கில்லாமல் சைக்கிளில் போனார் என்று போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தியபோது, "தம்பி, உன் சட்டைத் துணிக்கு உண்டான கடன்ல எம் பங்க நான் கட்டிட்டேன். நீ உம் பங்க கட்டிட்டியா?" என்று கேட்டாராம். போலீஸ்காரர் அபராதத்தை வாங்கினாரா, வணங்கிவிட்டுப் போனாரா என்பது பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அபராதம்தான். நைனா அதையும் நின்ற இடத்திலேயே கட்டியிருப்பார்.

இதனால் அவர் சர்க்காருக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. கிஸ்தி கட்டும் நாளில் ஊர்க் கணக்கரான கர்ணம் வாய் கொப்பளிப்பதற்கு முன் வாசலில் நிற்பார். அவருடைய சித்தாந்தம் மிகச் சின்னது. என்னிடமே சொல்லியிருக்கிறார்: "ரோடு போடு. திருடனப் புடி. வாங்கின காசுக்குக் கணக்கு சொல்லு. அத்தோட நில்லு. எம் பானைக்குள்ள எட்டிப் பாக்காத."

1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திரா தனி மாநிலம் ஆயிற்று. மறுநாளே ஜன்னலில் அதே கை. "அண்ணந் தம்பி பாகம் பிரிச்சா கடனையும் பிரிப்பாங்க. நான் கட்டினது எந்தப் பாகத்துல சேந்துது?" அது மத்திய சர்க்காரின் கடன், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒன்றேகால் மணி நேரம் விளக்கினேன். அந்த நாட்களில் எங்கள் ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்தது. சித்தூர் யாருக்கு, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று சுவரெல்லாம் எழுத்து. ஆந்திராவுக்கு என்றவர்கள், மதராஸுக்கு என்றவர்கள், இரண்டு கட்சிக்காரர்களும் நைனாவின் வீட்டுக்கு வந்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"எந்தப் பக்கம் கடன் கம்மி?" என்று கேட்டிருக்கிறார் நைனா. இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து போய்விட்டார்கள்.

அதற்கு ஆறரை வருஷம் கழித்து, 1960 ஏப்ரல் முதல் தேதி, எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. நைனாவின் வீடும் கரும்பும் ஆந்திராவில் நின்றன. மூன்று மைல் தள்ளியிருந்த செங்கம்மாவின் ஊர் மதராஸுக்குப் போயிற்று. நடுவே ஒரு கூரைக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு மூங்கில் கட்டை. மேஜைக்குப் பின்னால், சித்தூரிலிருந்து மாற்றப்பட்ட நான்.

முதல் நாளே வந்தார். கட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"சரக்குப் போனா இன்ன சரக்கு, இன்ன மதிப்புன்னு ஃபாரத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும் நைனா. ஆளுங்களுக்குக் கிடையாது. நீங்க தாராளமாப் போகலாம், வரலாம்."

"வெறுங்கையோடயா? தங்கச்சி ஊட்டுக்கு?"

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவன் இல்லை. கொண்டுபோகிறதை என்ன விலை என்று சொல்லுகிறவனும் இல்லை. சீருக்கு விலை சொன்னால் அது சீர் இல்லை, சந்தைச் சாமான். அண்ணன் வந்து கூப்பிடாமல் தங்கையும் பிறந்த வீட்டுக்கு வரமாட்டாள்.

ஆகவே நைனா போகவில்லை, செங்கம்மா வரவில்லை. ஒன்பது மாதம்.

தினம் சாயங்காலம் வந்து கட்டையில் கையை ஊன்றி நிற்பார். தெற்கேயிருந்து வரும் ஒவ்வொரு ஆளையும் பிடித்துக்கொள்வார். "எந் தங்கச்சியப் பாத்தியா? எளச்சுக் கீதா? செவல மாடு கன்னு போட்டுச்சா?" பதில் சொன்னவனுக்குக் கையோடு ஒரு துண்டு வெல்லம். தகவலையும் அவர் சும்மா வாங்கமாட்டார். பிறகு தெற்கே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். அங்கே பார்ப்பதற்கு ஒரு புளியமர வரிசையைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கும் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் நானும் பார்ப்பேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு வளையல்காரர் சேதி கொண்டுவந்தார். செங்கம்மாவின் புருஷன் பத்துப் பேர் முன்னால் சொன்னானாம்: "உங்கண்ணன் எல்லாக் கடனையும் பைசல் பண்ணான். உன்னையும் பைசல் பண்ணிட்டான்." செங்கம்மாவோ, பொங்கலுக்குச் சீர் வந்தால் தலை நிமிர்வேன், வராவிட்டால் அவர் சொன்னதே சரி என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். நைனா வளையல்காரருக்கு வெல்லம் கொடுக்க மறந்துபோனார். அவர் எதையாவது மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்குப் பிறகுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பனிக்காலை.

வண்டியில் இருந்தது: கரும்பு இரண்டு கட்டு, உருண்டை வெல்லம் எட்டுப் பானை, புது அரிசி, மஞ்சள் கொத்து, தேங்காய், வாழைத்தார், பூசணி ஐந்து, தட்டில் ஒரு அரக்குப் புடவை. நான் எண்ணிவிட்டேன், எண்ணாமல் எனக்கு இருக்க முடியாது. ஆனால் மதிப்பு என்ற கட்டத்துக்கு நேராகப் பேனா நின்றுவிட்டது.

எங்கள் இன்ஸ்பெக்டர் வடக்கே கிருஷ்ணா ஜில்லாவிலிருந்து வந்த தெலுங்கர். நல்ல மனிதர், ஆனால் காலியான கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு மூச்சு முட்டும். "குதரதய்யா, குதரது" என்றார். முடியாது என்பதை அவர் எப்போதும் இரண்டு தடவை சொல்வார். "ஏதாவது ஒரு தொகை போடு. பத்து ரூபாய் போடு."

"எந் தங்கச்சி சீரு பத்து ரூபாயா?" நைனா வண்டியிலிருந்து எழுந்து நின்றார்.

"சரி, நூறு போடு."

"விக்கறவன் யாரு, வாங்கறவ யாரு? அண்ணன் தங்கச்சிக்குள்ள வெல பேசச் சொல்றியா?"

"அப்போ ஸைபர் போடு!"

அதுதான் எல்லாவற்றையும்விட மோசமான யோசனை. "ஸைபரா?" என்றார் நைனா. "எந் தங்கச்சிக்கு நான் கொண்டுபோறது ஸைபரா?"

எட்டு மணிக்கு வண்டிக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. எட்டரைக்கு இரண்டு வேர்க்கடலை லாரிகள். வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது, நைனா அசையவில்லை. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பஸ் கண்டக்டர் தெலுங்கில் பாதி, தமிழில் பாதி திட்டினார். பனி விலகியதும் கட்டைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. எப்போது வந்தாளோ, யார் சொன்னார்களோ. செங்கம்மா.

நைனா பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். அண்ணன் கூப்பிடாமல் அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள், சீர் இல்லாமல் அவர் அந்தப் பக்கம் போகமாட்டார்.

இதற்குள் பஸ்ஸில் பொறுமை இழந்தவர்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். தலையில் அரிசி மூட்டை, கூடை, ஒருவர் தலையில் தகரப்பெட்டி. கட்டைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். யாரும் தடுக்கவில்லை.

"அவங்களுக்கு ஃபாரம் இல்லியா?" என்று கேட்டார் நைனா.

"தலைச்சுமைக்கு லேதய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆளு தலையில தூக்கிப் போற சொந்தச் சாமானுக்கு விதி கிடையாது."

நான் குதித்தே விட்டேன். "நைனா! இருபத்தஞ்சு பேர் இருந்தா போதும். ஆளுக்கு ஒண்ணாத் தலையில வெச்சுகினு போயிடலாம். கேளுங்க, பஸ்ஸுல அத்தினி பேர் கீறாங்க!"

அவர் முகம் இன்னும் இருண்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்க வேண்டுமே! பாதித் தலைக்குப் பாதிக் கூலி கொடுக்கிற மனிதர், முன்பின் தெரியாத இருபத்தைந்து பேரிடம் கைம்மாறு இல்லாத உதவி கேட்க வேண்டும். பஸ் போய்விட்டால் அவர்களை எங்கே தேடித் தீர்ப்பது? சர்க்காருக்குத் தலை வணங்கமாட்டேன் என்றால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடன்காரர் ஆக வேண்டும். நைனா நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அப்போது கட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

"அண்ணா! ஏழுமலையானே கடன்காரரு! நாராயணவனத்துல பொண்ணு கட்டறதுக்குக் கடன் வாங்கினவருதான? அவரு கொறஞ்சா பூட்டாரு? நீ இன்னா அவர வுடப் பெரிய ஆளா? எறங்கி வாண்ணா!"

பஸ் முழுவதும் சிரித்தது. லாரிக்காரர் ஹாரனை நிறுத்தினார்.

நைனா இறங்கினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். எங்கள் வட்டாரத்தில் யாரும் கண்டிராத காட்சி: பைசல் நைனா இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயா... கொஞ்சம் கை குடுங்கப்பா. எந் தங்கச்சி ஊட்டு வரைக்கும்."

இருபத்தேழு பேர் வந்தார்கள். பாகாலாவிலிருந்து வந்த ஒரு ரயில்வே ஆள் கரும்புக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு கிழவிகள் மஞ்சள் கொத்துக்குச் சண்டை போட்டார்கள். திட்டிய கண்டக்டர் வாழைத்தாரைத் தூக்கினார். எங்கள் இன்ஸ்பெக்டர் ரோட்டின் நடுவே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் புடவைத் தட்டை எடுத்துக்கொண்டார். அவர் தங்கை மசூலிப்பட்டணத்தில் இருப்பதாக அன்றுதான் சொன்னார். கடைசியில் ஒரு பூசணிக்காய் மீந்தது. சுற்றிலும் பார்த்தேன், நான்தான் பாக்கி. தலையில் வைத்துக்கொண்டேன். கழுத்து இன்றைக்கும் வலப்பக்கம் சரியாகத் திரும்புவதில்லை.

நைனா வெறுங்கையோடு முன்னால் நடந்தார். கட்டைக்குக் குனியவில்லை. எங்கள் வாட்ச்மேன் தானாகவே தூக்கிவிட்டார், காலி வண்டியையும் ஓரம் கட்டினார். செங்கம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஒன்றரை மைல். எட்டூருக்குத் தெரியும்படி ஊர்வலமாகச் சீர் போயிற்று. வாசலில் நின்ற மச்சான் ஆட்களை எண்ணிப் பார்த்தான், எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது வேர்க்கடலை லாரிகள் இரண்டும் இல்லை. வாட்ச்மேன் தூக்கிய கட்டையை இறக்க மறந்திருந்தார். ஃபாரமும் இல்லை, வரியும் இல்லை. தணிக்கையில் அது வெளியே வந்தது, நஷ்டத்தை எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பாதி, எனக்குப் பாதி.

அந்த வருஷம் முழுவதும் நைனா பைசல் பண்ணிக்கொண்டே திரிந்தார். சுமந்த இருபத்தேழு பேரையும் தேடிக் கண்டுபிடித்தார். கைம்மாறு என்றால் அவருக்குச் சுமைக்குச் சுமை, தூரத்துக்குத் தூரம். வடமாலபேட்டையில் மஞ்சள் சுமந்த கிழவியின் புல்லுக்கட்டை அவள் தலையிலிருந்து வாங்கி ஒன்றரை மைல் நடந்திருக்கிறார். அவள் திருடன் என்று கூப்பாடு போட்டுக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறாள். எனக்காக ஒரு பூசணிக்காயைத் தலையில் வைத்து என் அறைக்குக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டரின் பாதியைக் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். பிறகு என் பாதியை நீட்டினார்.

அதற்குள் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். பைசல் ஆனவர்கள் வீட்டுப் பக்கம் நைனா மறுபடி தலைகாட்டுவதில்லை.

"வாங்க முடியாது நைனா" என்றேன். "தலைப்பு இல்ல."

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. "இதர வரவுல போடேன்."

"அந்தத் தலைப்ப எடுத்துட்டாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். "தலைப்பு வந்துச்சா?" வரவில்லை. டீ குடித்தோம், டீக்குக் காசை முன்னாலேயே வைத்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். என்னைத் திருப்பதிக்கு மாற்றினார்கள், பஸ் ஏறி அங்கேயும் வந்தார். ரொட்டியும் பொரிமாவும் கட்டிக்கொண்டு, செங்கம்மா வீட்டுச் சேதியெல்லாம் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது மட்டும் கேட்பார். பத்தொன்பது வருஷம் கேட்டார்.

ஒரு தை மாதம் அவருக்குப் பதிலாகச் செங்கம்மா வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை என் முன்னால் வைத்தாள். "கடசி வரைக்கும் இது ஒண்ணுதான் சொல்லிகினு இருந்தாரு. வாங்கிக்குங்க."

"தலைப்பு இல்லம்மா" என்றேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு இப்போது வயது எண்பத்தெட்டு. பென்ஷன், மருந்து, பால், பேப்பர், எல்லாம் மாதக் கடைசியில் சரிபார்த்துக் கோடு போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை. அவர் எனக்குத் தரவேண்டியது அப்படியே நிற்கிறது: பதினொரு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா.